ரப்பர் வைக்காத பெட்டி

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று போடியில் யாருக்கும் இதுவரை முழுதாக விளங்கவைத்ததில்லை. லேசர் என்று சொன்னால் கண் ஆஸ்பத்திரியா என்பார்கள். இல்லை என்றால், முகத்து முடி எடுக்கிற கடையா என்று அடுத்த கேள்வி வரும். அதுவும் இல்லை என்றால் கேட்டவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். என் அண்ணன் மட்டும் வேறு மாதிரி. எந்தக் கருவியைப் பற்றிச் சொன்னாலும் அதற்கு டப்பா எதில் செய்திருக்கிறார்கள் என்றுதான் கேட்பான். அவனைப் பொறுத்தவரை உலகத்துச் சாமான் எல்லாமே இரண்டு பாகம்தான்: உள்ளே இருப்பது ஒன்று, அதை மூடியிருக்கும் தகடு ஒன்று. தகடு அவனுடைய தொழில்.

போடியில் அவனுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. மலைமேல் உள்ள ஏலத் தோட்டங்களுக்கு டிரையர் செய்து மாட்டிக் கொடுப்பான். பறித்த காயை உலர்த்துகிற கட்டடத்தை மேலே ஸ்டோர் என்பார்கள். ஒவ்வொரு ஸ்டோரிலும் டிரையரை ஓட்டுவதற்கான சுவிட்சுகள் அடங்கிய பேனல் பெட்டி ஒன்று இருக்கும். சாரலும் மூடுபனியும் ஓயாத இடம் அது. பெட்டிக்குள் ஈரம் புகுந்துவிட்டால் டிரையர் நின்றுபோகும், காய் நிறம் மங்கிப்போகும், முதலாளி கத்துவார். அண்ணன் செய்த பெட்டிக்குள் ஈரம் போனதாகச் சரித்திரம் இல்லை. இது அவனே அடித்துக்கொள்கிற தம்பட்டம் அல்ல, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் சொல்வது.

என் சோலியையும் சொல்லிவிடுகிறேன். ஊரைவிட்டு வெகுதூரத்தில் உள்ள ஓர் ஆய்வகத்தில், ஒரு பெரிய கூடம் நிறைய அடுக்கிய கருவிகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு ஒளிவெட்டை உண்டாக்கும். அது இருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் கண்ணிமைக்கும் பொழுது ஒரு யுகம். காற்றை உறிஞ்சி எடுத்த ஓர் உலோகத் தொட்டிக்குள், தலைமுடியைவிட மெல்லிய தகட்டின்மேல் அந்த ஒளியை ஊசிமுனை அளவுக்குக் குவிப்போம். பட்ட இடம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அங்கிருந்து தெறித்து வரும் துகள்கள் என்ன வேகத்தில் வருகின்றன என்று ஓர் உணரியை வைத்து அளப்போம். அளந்தது திரையில் ஒரு கோடாக வரும். அந்தக் கோட்டைப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கோட்டைப் படிக்கவிடாமல் செய்கிற ஒரு சனியன் இதில் உண்டு. ஒளி பட்ட மாத்திரத்தில் தகட்டிலிருந்து எலக்ட்ரான்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவிடும். ஓடியதை ஈடுகட்ட, தகட்டைத் தாங்கி நிற்கும் காம்பு வழியாகத் தரையிலிருந்து மின்சாரம் மேலே பாயும். அந்தப் பாய்ச்சலில் தொட்டி முழுவதும், தட்டிவிட்ட பித்தளைக் குடம்போல அதிரும். நம் காதுக்கு அது கேட்காது. ஆனால் அந்த அறையில் உள்ள ஒவ்வொரு வயருக்கும் கேட்கும். கேமரா உறைந்து நிற்கும், கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழும், துகளை அளக்க வந்த கருவி துகளை விட்டுவிட்டு அந்த அதிர்ச்சியை அளந்து கொடுக்கும். மின்காந்தத் துடிப்பு என்று இதற்குப் பெயர். ஐப்பசி மாதத்து இடிக்குப் போடியில் வீட்டுக்கு வீடு டிவி வயரைப் பிடுங்கிப் போடுவார்களே, அதே பயம்தான் எங்களுக்கும். ஒரே வித்தியாசம், நாங்கள் வயரைப் பிடுங்க முடியாது. இடி விழுகிற அந்தக் கணத்தில்தான் எங்கள் டிவியில் படம் ஓடியாக வேண்டும்.

இதைக் குறைக்க நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. தகட்டைத் தாங்கும் உலோகக் காம்பை எடுத்துவிட்டு மின்சாரம் கடத்தாத காம்பு வைத்தோம். கேபிள்களில் காந்த வளையங்களைக் கொத்துக் கொத்தாக மாட்டினோம். ஆளுக்கொரு பக்கம் போட்டிருந்த எர்த்தை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தோம். பாக்கி இருந்த எல்லாவற்றையும் அலுமினியத் தாளில் சுற்றினோம். எங்கள் அறையை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் பிரியாணிப் பொட்டலம் கட்டுகிற இடம் என்று நினைத்தால் அவர்கள்மேல் தப்பில்லை. துடிப்பு குறைந்தது, ஆனால் போகவில்லை.

இந்த நிலைமையில்தான் என் மேடு வந்தது. கோட்டில் முதல் கொந்தளிப்பு அடங்கியபிறகு, சற்றுத் தள்ளி, சின்னதாக ஒரு மேடு. அது நிஜம் என்றால், யாரும் எதிர்பார்க்காத ஒரு வேகத்தில் துகள்கள் கூட்டமாக வருகின்றன என்று அர்த்தம். அதை முதலில் பார்த்தது நான். மற்றவர்கள் அழுக்கு என்று ஒதுக்கியதை எடுத்து, ஏன் இப்படி வரலாம் என்று கணக்குப் போட்டு, ஒரு கூட்டத்தில் மேடையேறிச் சொன்னதும் நான். எங்கள் குழுவின் தலைவர் நல்ல மனிதர், ஆனால் சந்தேகப்பிராணி. மேடு துகளால் வந்ததா, தொட்டியின் அதிர்வால் வந்ததா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். துகள் வரமுடியாதபடி உணரியின் முன்னால் ஒரு தடுப்பை வைத்துப் பார்த்தோம். துகளால் வந்தது என்றால் மேடு மறைய வேண்டும். ஒரு ஷாட்டில், அதாவது ஒளியை ஒருதரம் அடித்ததில், மறைந்தது. இன்னொன்றில் லேசாகத் தலைகாட்டியது. மறைந்ததை நான் நம்பினேன், தலைகாட்டியதை அவர் நம்பினார்.

அடுத்த சுற்று ஷாட்டுகள் முடிந்ததும் லேசரையே பிரித்துப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. மறுபடி எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. மேடு நிஜம் என்று அந்தச் சுற்றில் காட்டியாக வேண்டும், இல்லையென்றால் அதை நான் கைகழுவ வேண்டியதுதான். தலைவர் ஒரே வழி சொன்னார். அளக்கும் கருவியைப் பேட்டரியோடு சேர்த்து, நாலா பக்கமும் அடைத்த ஓர் உலோகப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே மின்வயர் எதுவும் வரக்கூடாது, உணரியில் துகள் பட்டு எழும் மினுக்கத்தை உள்ளே கொண்டுவரவும், அளந்ததை ஒளியாக வெளியே அனுப்பவும் கண்ணாடி இழை மட்டும்தான் போய்வரலாம். அப்படிப்பட்ட பெட்டி வெளியிலிருந்து வாங்க ஏற்பாடாகியிருந்தது. அது வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்குப் பொறுமை கம்மி. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"உள்ள எது போகக் கூடாது?" என்று கேட்டான்.

"எதுவுமே போகக் கூடாதுண்ணே."

"அம்புட்டுத்தானே. நம்ம பெட்டிக்குள்ள எறும்பு மூச்சு விட முடியாது, பாத்துக்க."

வாய்ப்பேச்சை நம்பாமல் படமும் வரைந்து அனுப்பினேன். மூடியும் பெட்டியும் சேருகிற விளிம்பு பெயிண்ட் இல்லாத வெறும் உலோகமாக இருக்க வேண்டும். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு போல்ட்டு வர வேண்டும். செய்து முடித்ததும் பெட்டிக்குள் ஒரு செல்போனை வைத்து மூடி, வெளியிலிருந்து கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். மணி அடிக்கக் கூடாது, போனுக்கு வரும் அலையும் எங்கள் துடிப்பும் ஒரே வகை. எல்லாவற்றையும் எழுதினேன். சரி சரி என்று பதில் வந்தது.

அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். அதற்கு ஊருக்கு வந்து, திரும்பும்போது பெட்டியைக் கையோடு எடுத்துப்போவதாக ஏற்பாடு. விசேஷத்துக்குச் சில நாள் முன்னதாகவே வந்து பார்த்தால் அண்ணன் வீட்டில் இல்லை. காய் பறிப்பு மும்முரமாக இருந்த நேரம். போடிமெட்டைத் தாண்டி ஒரு ஸ்டோரில் டிரையர் மாட்டப் போனவன், என் பெட்டியையும் மேலேயே வைத்து முடித்துக்கொண்டிருப்பதாக மதினி சொன்னாள். மறுநாள் காலையில், தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் நானும் நெருக்கியடித்து ஏறினேன். வளைவுகளில் பக்கத்தில் இருந்த அக்காள் என்மேல் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினாள். இறங்கும்போது என் தோள் மரத்திருந்தது.

ஸ்டோர் வாசலில் பெட்டி இருந்தது. நல்ல பச்சை எனாமல் அடித்து, முகம் பார்க்கலாம்போல மின்னியது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. வெளியேதானே அடித்திருக்கிறேன், உள்ளே போனை வைத்து மூடியும் விட்டேன், டெஸ்ட் பண்ணிவிட்டுப் பேசு என்று அண்ணன் என் வாயை அடைத்தான். மூலைக்கு ஒரு ஸ்குரூதான் கண்ணில் பட்டது. மற்ற போல்ட்டுகள் எங்கே என்று கேட்டதற்கு, டெஸ்ட்டுக்கு இது போதும் என்றான். இடுக்கில் பசைபோல எதையோ தடவிக் காயவிட்டிருந்தான். டெஸ்ட் என்றால் முழுசாகப் பண்ண வேண்டாமா என்று விளக்கமும் சொன்னான்.

ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறினால்தான் என் போனுக்கு டவர் எடுக்கும். ஏறி நின்று அவன் நம்பருக்கு அடித்தேன். கீழே அண்ணன் பெட்டிமேல் காதை வைத்துக் குனிந்திருந்தான். காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் போனில் ஒரு குரல், நான் கூப்பிடும் ஆள் பரிதிக்குப் புறத்து, அதாவது எல்லைக்கு வெளியே, இருப்பதாக மலையாளத்தில் பணிவாகச் சொன்னது. இன்னொருமுறை அடித்தேன், அதே பணிவு. பெட்டியிலிருந்து சத்தமே இல்லை. அண்ணன் நிமிர்ந்து வேட்டியை மடித்துக் கட்டினான். பச்சைப் பெயிண்ட்டை நான் அப்போதே மன்னித்துவிட்டேன். என் மேட்டுக்கு இனி ஒரு குறையும் இல்லை என்று நினைத்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. பாறையிலிருந்து இறங்கிவந்து, அங்கே கொடுத்த பால் விடாத கட்டன் சாயாவை இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

பசையை அறுத்துப் போனை எடுக்கக் கத்தி தேவைப்பட்டது. ஆனால் சாமான்களை எல்லாம் ஏற்கனவே மூட்டை கட்டியாயிற்று. மழை இறங்கப்போகிறது, வெரசா ஏறுங்க என்று ஜீப்புக்காரர் அவசரப்படுத்தினார். போடிக்குப் போய் அறுத்துக்கொள்ளலாம் என்று பெட்டியை அப்படியே தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் எதிரே உட்கார்ந்தான். காலையில் வந்த அதே பெண்கள் சுற்றி இருந்தார்கள்.

போடிமெட்டைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கத் தொடங்கினோம். கீழே போடி தெரிகிற ஒரு வளைவு திரும்பியதும் என் மடியில் நாதஸ்வரம் கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து, பிசிறில்லாமல், அண்ணனுடைய ரிங்டோன்.

"ஏத்தா, ஒம் பெட்டி கூப்பிடுது" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அழைத்தது மதினியாக இருக்கும், கிளம்பிவிட்டோமா என்று கேட்பதற்கு. எடுக்காததால் மறுபடி அடித்தாள். அப்புறமும் அடித்தாள். எடுக்கவும் வழியில்லை, அணைக்கவும் வழியில்லை. கல்யாண வீட்டுக்குப் போகிற வண்டிபோல மேளத்தோடு இறங்கினோம். பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தார்கள். அண்ணன் மலையையே பார்த்துக்கொண்டு வந்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணனுடைய சிம்முக்கு அந்த ஸ்டோரில் டவரே கிடையாது. போனைப் பெட்டியில் வைத்தாலும், வாசலில் வைத்தாலும், தலைமேல் வைத்துக்கொண்டு நின்றாலும் அங்கே மணி அடித்திருக்காது. மூடி திறந்திருக்கும்போது அடிக்கிறதா என்று முதலில் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு படித்த எனக்கு. மானம் போயிற்று, கோபமும் வந்தது. அந்தக் கோபத்தை எல்லாம் அண்ணன் தலையில்தான் கொட்டினேன்.

பட்டறைக்கு வந்து பசையை அறுத்து மூடியைத் திறந்தபோது எல்லாம் தெரிந்தது. விளிம்புக்கும் நன்றாகப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் சுற்றிலும் கறுப்பு ரப்பர் வைத்திருந்தான். பேனல் பெட்டிக்கு வைப்பானே, அதே ரப்பர். என் படத்தை அவன் படிக்காமல் இல்லை. படித்துவிட்டு, பாவம் இவளுக்கு மலைச் சாரல் தெரியாது, வெறும் விளிம்பு துருப்பிடித்துவிடும், ரப்பர் வைத்தால் இத்தனை போல்ட்டு எதற்கு என்று அவனாகத் திருத்தியிருக்கிறான். தங்கச்சிக்குத் தன் பெட்டியிலேயே நல்ல பெட்டியைக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை. அதைப் புரிந்துகொண்டபிறகும் கத்தத்தான் செய்தேன்.

"தண்ணி போகாது, காத்துப் போகாது. பெறகு இது எப்படிப் போகும்? நீயே சொல்லு" என்றான்.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. காய் பரப்புகிற தட்டுக்காக வாங்கி வைத்திருந்த பொடிக்கண் கம்பிவலையில் ஒரு துண்டு வெட்டச் சொன்னேன். போடியில் எல்லா சிம்முக்கும் டவர் கொட்டிக் கிடக்கிறது. முதலில் போனை வெறுமனே வைத்து அடித்தேன், மணி அடித்தது. இந்தத் தடவை மறக்கவில்லை. பிறகு அதே போனைக் கம்பிவலையில் வைத்து, ஓரங்களை மடித்து மடித்துப் பொட்டலமாக்கி, மறுபடி அடித்தேன். சத்தம் இல்லை. வலையின் கண்களுக்குள்ளே போனின் முகம் இருட்டாகக் கிடப்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அதையே ரப்பர் வைத்த பெட்டிக்குள் வைத்து மூடி அடித்தால் நாதஸ்வரம்.

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. ஓட்டை ஓட்டையாக இருப்பதில் போகாதது, அடைத்து வைத்ததில் போகிறது என்றால் அது எந்த ஊர் நியாயம் என்று கேட்டான். ஈரம் ஓட்டையைத் தேடும், இந்தப் போன் அலை தகடும் தகடும் தொடாத இடத்தைத் தேடும் என்று சொன்னேன். வலையில் இருக்கிற பொடிக்கண்ணில் இதனால் நுழைய முடியாது. ஆனால் மயிரிழை அகலமே இருந்தாலும், முழம் நீளத்துக்கு ஒரு பிளவு இருந்தால் தாராளமாக நுழையும். ரப்பர் தண்ணீருக்குச் சுவர், இதற்கு நாலு பக்கமும் திறந்துவிட்ட கதவு. பட்டறையில் கிடந்த ஒரு பேட்டரியை எடுத்து, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே மின்சாரம் போகவில்லை என்பதை ஒரு சின்ன பல்பை வைத்து அவனே பார்த்துக்கொண்டான். புரிந்துவிட்டது. புரிந்ததுதான் அவனுக்குக் கஷ்டம்.

"ரப்பர் இல்லாத பெட்டி என் பட்டறையில இருந்து வெளிய போனதில்லத்தா. மேல எவனாச்சும் பாத்தா என்ன நெனப்பான்?"

எங்கள் ஆய்வகத்தில் சாரல் அடிக்காது, அங்கே பார்க்கப் போகிறவன் எவனும் ஏலத் தோட்டம் வைத்திருக்கவில்லை என்று சொன்னேன். சொன்ன விதம் சரியில்லை. அவன் எழுந்து போய்விட்டான். மறுநாள் மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டோம். மதினி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, குழம்பை யாருக்கு முதலில் ஊற்றுவது என்று தெரியாமல் தவித்தாள்.

கை கழுவிவிட்டு வந்தவன், இந்தப் பெட்டிக்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்டான். அதுவரை அவனிடம் மேட்டைப் பற்றிச் சொன்னதில்லை. ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோட்டை வரைந்து, மேட்டைக் காட்டினேன். இதை முதலில் பார்த்தது நான் என்றேன். நிறையப் பேர் இதை நம்பவில்லை, பெட்டி சரியாக இருந்தால் தொட்டியின் அதிர்வால் வரும் வெறும் சத்தம் எல்லாம் அடங்கி இது மட்டும் தனியாக நிற்கும், அப்போது யாரும் மறுக்க முடியாது என்றேன். அவன் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தான். தகடு தவிர வேறு எதையும் அவன் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"இது நெசந்தானே?"

"நெசந்தாண்ணே."

"அப்பச் சரி" என்றான். எழுந்து எமரித் தாளை எடுத்தான்.

விளிம்பில் இருந்த பெயிண்ட் முழுவதையும் அவனே தேய்த்து எடுத்தான், தகடு வெள்ளியாகப் பளபளக்கும்வரை. பழைய கேபிள்களை உரித்து, அவற்றின் உள்ளே இருக்கும் பின்னல் செம்பை எடுத்து விளிம்பு நெடுகப் பதித்தோம். மூடியை இறுக்கினால் இரண்டு தகடும் அந்தச் செம்பைக் கடித்துக்கொள்ளும். கட்டைவிரலை வைத்து அளந்து அளந்து போல்ட்டுக்குத் துளை போட்டான். கண்ணாடி இழை வெளியே வருவதற்கு வெறும் ஓட்டை போடக் கூடாது, பேனா நீளத்துக்கு ஒரு ஒல்லியான பித்தளைக் குழாய் வேண்டும் என்றேன். ஒல்லியும் நீளமுமான குழாய்க்குள் ஒளி போய்வரும், துடிப்பு பாதி வழியிலேயே செத்துவிடும். இதற்கு அவன் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அவ்வளவு சமர்த்தாக அவன் இருந்து நான் பார்த்ததே இல்லை, எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

டெஸ்ட்டில் மட்டும் என்னைவிட அவன் மோசம். ஒருமுறை சூடுபட்டவன் ஆயிற்றே. திறந்து வைத்து அடி, மணி கேட்கட்டும் என்பான். மூடி இறுக்கி, இப்போது அடி என்பான். திறந்து மறுபடி அடி என்பான். பட்டறையில் தேறியது போதாது என்று பெட்டியை ஸ்கூட்டரில் வைத்து, ஒரு செல்போன் டவருக்கு நேர் கீழேயே கொண்டுபோய் நிறுத்தினான். ரோட்டோரத்தில் ஒரு பெட்டியைத் திறப்பதும் மூடுவதும் அதற்குப் போன் போடுவதுமாக இருந்த எங்களை, டீக்கடையில் இருந்தவர்கள் ஒரு தினுசாகப் பார்த்தார்கள். பெட்டி வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவனே திருப்தியாகி, மூடியை ஒரு தட்டுத் தட்டினான். ஆனாலும், காற்றுப் போகும் பெட்டி இது, யாரிடமும் என் பட்டறை என்று சொல்லாதே என்று கேட்டுக்கொண்டான்.

காதுகுத்து முடிந்து திரும்பும்போது, ரயிலில் அதை என் இருக்கைக்குக் கீழே வைத்து, சங்கிலியால் கட்டிக் கொண்டுபோனேன்.

ஆய்வகத்தில் கருவியையும் பேட்டரியையும் உள்ளே வைத்து, போல்ட்டுகளை நானே ஒவ்வொன்றாக இறுக்கினேன். பச்சைப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள் முதல் ஷாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். வழக்கமாகத் திரையில் பாதியை அடைத்துக்கொள்ளும் கொந்தளிப்பு இல்லை. ஒளி பட்ட நேரத்தில் ஒரு சின்னத் துள்ளல், அப்புறம் கோடு தெளிந்த வாய்க்கால் தண்ணீர்போல அமைதியாக ஓடியது. அதன்மேல் துகள்கள் வரவேண்டிய நேரத்தில் வந்து, ஏறி, இறங்கின. இத்தனை காலத்தில் துடிப்பு இல்லாமல் ஒரு கோட்டை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. தலைவர் எழுந்து நின்றுவிட்டார். இந்தப் பெட்டி யார் செய்தது என்று கேட்டார். எங்கள் அண்ணன் என்று, அவன் போட்ட தடையை மீறி, சத்தமாகவே சொன்னேன்.

சொல்லிவிட்டுத்தான் மேடு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

இன்னொரு ஷாட் அடித்தோம். தகட்டை மாற்றி அடித்தோம். ஒளியின் அளவைக் கூட்டி அடித்தோம். துகள்கள் தெளிவாக வந்தன, மேடு வரவில்லை. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று மூடியின் ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை நானே தளர்த்திவிட்டு அடிக்கச் சொன்னேன். மேடு வந்தது, அதே இடத்தில், அதே உயரத்தில், பழைய சிநேகிதிபோல. இறுக்கினேன், போயிற்று. என் மேடு தொட்டியின் அதிர்வு. பெட்டி அதை வெளியே நிறுத்திவிட்டது. இதையும் எழுதி வெளியிட வேண்டும், அது உங்களுக்குப் பெருமைதான் என்று தலைவர் மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அவரை அப்போது எனக்குப் பிடிக்கவே இல்லை. எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நின்று, அடுத்த ஷாட்டுக்கு என்ன மாற்ற வேண்டும் என்று பேசி முடித்துவிட்டு வெளியே வந்தேன்.

மரத்தடியில் நின்றுகொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான். பின்னால் பட்டறையில் தகடு அறுக்கும் சத்தம் கேட்டது.

"பெட்டி வேல செஞ்சுச்சா?"

"செஞ்சுச்சுண்ணே. நல்லாச் செஞ்சுச்சு. யாரு செஞ்சதுன்னு இங்க எல்லாரும் கேக்குறாங்க."

அந்தப் பக்கம் மதினியைக் கூப்பிட்டு, கேட்டியா, கேட்டியா என்று சொல்வது காதில் விழுந்தது. பட்டறையில் இருந்தவர்களிடமும் சொன்னான். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அடக்கமாட்டாத குரலோடு மறுபடி என்னிடம் வந்தான்.

"அப்ப ஒன் மேடு தனியாத் தெரிஞ்சிருக்குமே?"

"மேடே இல்லண்ணே. வெறும் சத்தம்தான் அது. பெட்டி அதை உள்ள விடல."

அவன் பட்டறையைவிட்டு வெளியே நடந்து வருவது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

"அந்த ரப்பரையே வச்சுக் குடுத்திருக்கலாமோ, ஆத்தா?" என்று கேட்டான்.

அதுவரை எனக்கு அழுகை வரவில்லை.